தாயின் குடியும் தந்தையின் பாதியும்

ஆடி அமாவாசையன்று அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் ஆலயத்துத் தீர்த்தக்குளத்தில் கால்வைக்க இடமிராது. மட்டக்களப்பு நகரிலிருந்தும், வாவிக்கு இப்பாலுள்ள எழுவான்கரை ஊர்களிலிருந்தும், அப்பாலுள்ள படுவான்கரை ஊர்களிலிருந்தும் சனம் திரண்டு வரும். இறந்துபோன தந்தைக்காக விரதமிருந்து, நீராடி, பிதிர்க்கடன் கழிக்கும் நாள் அது. ஈழத்துச் சைவர்கள் தாய்க்கென வேறொரு நாளை வைத்திருக்கிறார்கள். அது சித்திரைப் பௌர்ணமி.

தந்தைக்காகக் குளத்தில் மூழ்கி எழுகிற அதே மனிதரிடம் “என்ன குடி?” என்று கேட்டால், அவர் தந்தையின் குடியைச் சொல்லமாட்டார். தாயின் குடியைத்தான் சொல்வார்.

மட்டக்களப்புப் பகுதியின் முக்குவர், வேளாளர் சமூகங்களிலும் இங்குள்ள முஸ்லிம்களிடத்திலும் குடி என்னும் குலப்பிரிவு தாய்வழியாகவே இறங்குகிறது. உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி என்று பெயர்கள் பல. அம்மாவின் குடி பிள்ளைகள் எல்லோருக்கும் வரும். மகள் அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். மகனோடு அது நின்றுவிடும், ஏனென்றால் அவனுடைய பிள்ளைகள் அவன் மனைவியின் குடி. ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் அண்ணன் தங்கை முறை. அவர்களுக்குள் கலியாணம் கிடையாது. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து குடியிருப்பார். இந்தத் தாய்வழி உரிமை முறையைப் பற்றி 1876-ஆம் ஆண்டிலேயே கிறிஸ்தோபர் பிரிட்டோ ‘முக்குவச் சட்டம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். ஒரு நூற்றாண்டின் பின் அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் தங்கி, தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் குடிமுறை எப்படி இயங்குகிறது என்று விரிவாக ஆராய்ந்தார்.

பெயருக்கும் சொத்துக்கும் கலியாணத்துக்கும் சமூகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. உடலுக்குள்ளும் ஒரு கணக்கு நடக்கிறது. இரண்டும் ஓரிடத்தில் அச்சொட்டாகப் பொருந்துகின்றன. மற்ற இடங்களில் அடியோடு வேறுபடுகின்றன. எங்கே பொருந்துகின்றன, எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்துகொள்வது பிறப்புரிமையியலின் அடிப்படையைத் தெரிந்துகொள்வதுதான். சில குடும்பங்களுக்கு அது ஒரு பிள்ளையின் உடல்நலத்தைப் பற்றிய விடயமும்கூட.

நாற்பத்தாறும் இருபத்து மூன்றும்

மனித உடலின் பெரும்பாலான வகைக் கலங்களுக்கு உள்ளே ஒரு கரு இருக்கிறது. அந்தக் கருவுக்குள் 46 நிறமூர்த்தங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகள் இந்த எண்ணிக்கையை 48 என்றே நம்பியிருந்தார்கள். 1956-ல் சுவீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோ, அல்பர்ட் லெவான் என்ற இருவர் கலங்களை நன்றாகப் பரப்பி நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பார்த்து, 46 என்று நிறுவினார்கள்.

இந்த 46-உம் இரண்டிரண்டாகச் சோடி சேர்ந்து 23 சோடிகளாக இருக்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. நிறமூர்த்தம் என்பது டி.என்.ஏ. என்ற மிக நீண்ட மூலக்கூறு புரதங்களோடு சேர்ந்து இறுகச் சுருண்ட வடிவம். டி.என்.ஏ. நான்கே எழுத்துகளால் ஆனது: ஏ, டி, ஜி, சி. ஒரு பெற்றாரிடமிருந்து வரும் 23 நிறமூர்த்தங்களில் இத்தகைய எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. அவற்றில் ஆங்காங்கே, ஒரு புரதத்தைச் செய்வதற்கான குறிப்பைத் தாங்கிய பகுதிகள் உண்டு. அவைதாம் பரம்பரை அலகுகள். மனிதரில் புரதம் செய்யும் பரம்பரை அலகுகள் 20,000 அளவில் இருக்கின்றன.

தாயின் முட்டையும் தந்தையின் விந்தும் உருவாகும்போது மட்டும் கலம் வேறொரு முறையில் பிரிகிறது. பாடநூல்கள் இதை ஒடுக்கற்பிரிவு என்கின்றன. 46 பாதியாகி 23 ஆகிறது. ஒவ்வொரு சோடியிலிருந்தும் ஒன்றே ஒன்று முட்டைக்குள் போகும். எது போகும் என்பதற்கு நியமம் எதுவுமில்லை. முதலாம் சோடியில் அம்மம்மாவிடமிருந்து வந்தது போகலாம், இரண்டாம் சோடியில் அம்மாவின் அப்பாவிடமிருந்து வந்தது போகலாம். 23 சோடிகளுக்கும் இப்படித் தேர்வு நடப்பதால் ஒரு பெண்ணின் முட்டைகளில் 83,88,608 வகையான சேர்க்கைகள் உருவாக முடியும். ஆணின் விந்துக்கும் இதே எண்ணிக்கை. இரண்டையும் பெருக்கினால் ஒரு தம்பதிக்குப் பிறக்கக்கூடிய பிள்ளைகளின் சேர்க்கைகள் 70 இலட்சம் கோடியை எட்டும். பிரிவதற்கு முன் சோடி நிறமூர்த்தங்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வதையும் சேர்த்தால் எண்ணிக்கைக்கு முடிவே இராது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் வேறுவேறு முகத்தோடும் உயரத்தோடும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் குடிக்கு இடமில்லை. தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23. ஒரு பக்கமும் கூடாது, ஒரு பக்கமும் குறையாது.

கல்முனையில் 81-ஆம் இலக்கம்

பாதிக்குப் பாதி என்ற இந்த விதி நீதிமன்றமொன்றில் சாட்சியாக நின்ற சம்பவம் மட்டக்களப்புக்குத் தெற்கே, கல்முனையில் நடந்தது.

2004 டிசெம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கிழக்குக் கரையை அடித்துச் சென்றபோது, இடிபாடுகளுக்கிடையே உயிரோடு கிடந்த ஒரு கைக்குழந்தையைக் கண்டெடுத்துக் கல்முனை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். பெயரோ பெற்றோரோ தெரியாத அந்த ஆண் குழந்தை, அன்று அங்கே அனுமதிக்கப்பட்ட 81-ஆவது நோயாளி. உலகப் பத்திரிகைகள் அந்த இலக்கத்தையே அதன் பெயராக்கிவிட்டன. பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த பெற்றோர் பலர் அது தங்கள் குழந்தை என்று சொல்லி வந்ததாகச் செய்திகள் வெளியாயின. ஒரு தம்பதி நீதிமன்றத்தில் முறைப்படி உரிமை கோரினர். அவர்களிடம் பிறப்புப் பத்திரமோ புகைப்படமோ எஞ்சியிருக்கவில்லை. எல்லாவற்றையும் கடல் கொண்டுபோயிருந்தது.

நீதிமன்றம் டி.என்.ஏ. பரிசோதனைக்கு உத்தரவிட்டது.

அந்தப் பரிசோதனையின் தர்க்கத்தைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தியும் தாளில் போட்டுப் பார்க்கலாம். நிறமூர்த்தங்களில் சில இடங்களில் ஒரு சிறிய எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு அது 14 தடவை வரலாம், இன்னொருவருக்கு 17 தடவை. நிறமூர்த்தங்கள் சோடியாக இருப்பதால் ஒவ்வொருவருக்கும் ஓரிடத்தில் இரண்டு எண்கள் கிடைக்கும். உதாரணமாக, தாய்க்கு 14, 17 என்றும் தந்தைக்கு 15, 18 என்றும் வைத்துக்கொண்டால், பிள்ளைக்கு நான்கு சேர்க்கைகளே சாத்தியம்: 14-15, 14-18, 17-15, 17-18. பிள்ளையின் எண்கள் 17-15 என்று வந்தால் ஒன்று தாயுடையது, மற்றது தந்தையுடையது, பொருந்துகிறது. 12-15 என்று வந்தால் அந்த 12 தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை.

ஓரிடம் பொருந்துவது தற்செயலாகவும் நடக்கும். ஆகவே வேறுவேறு நிறமூர்த்தங்களில் உள்ள பல இடங்களைப் பார்ப்பார்கள். ஓரிடத்தில் தற்செயலாகப் பொருந்தும் வாய்ப்பு பத்தில் ஒன்று என்று கொண்டால், இரண்டு இடங்களில் நூற்றில் ஒன்று, ஆறு இடங்களில் பத்து இலட்சத்தில் ஒன்று. பத்துப் பன்னிரண்டு இடங்கள் ஒருங்கே பொருந்திவிட்டால் ஐயத்துக்கு இடம் அநேகமாக மிஞ்சாது.

2005 பெப்ரவரி 14 அன்று முடிவு அறிவிக்கப்பட்டது. உரிமை கோரிய தம்பதிதான் பெற்றோர். இரண்டு நாட்களில் குழந்தை தாயின் கைக்கு வந்தது.

சிவப்பரிசியும் பட்டாணியும்

டி.என்.ஏ. என்ற சொல்லே இல்லாத காலத்தில் இந்த விதியை எண்ணிப் பார்த்தே கண்டுபிடித்தவர் கிரெகர் மெண்டல். இன்றைய செக் நாட்டின் புர்னோ நகர மடத்தில் துறவியாக இருந்த அவர், 1856 முதல் 1863 வரை மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை ஒன்றோடொன்று கலந்து வளர்த்தார். உருண்டை விதைச் செடியைச் சுருங்கிய விதைச் செடியோடு கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாம் உருண்டை. அந்தத் தலைமுறையைத் தனக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை செய்யவிட்டபோது சுருக்கம் மீண்டும் தலைகாட்டியது: 5,474 உருண்டை விதைகளுக்கு 1,850 சுருங்கிய விதைகள். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. 1865-ல் இதை அவர் வாசித்தார், 1866-ல் அச்சாயிற்று. 1900-ஆம் ஆண்டு வரை அதன் பெறுமதியை எவரும் உணரவில்லை.

படுவான்கரையின் வயல்களை அறிந்த பிள்ளைகளுக்கு மெண்டலின் பட்டாணியைவிட நெல் கிட்ட இருக்கும். பச்சைப்பெருமாள் போன்ற பழைய நெல்லினங்களும் ஏ.ரி. 362 போன்ற புதிய இனங்களும் சிவப்பரிசி தருபவை. வேறு இனங்கள் வெள்ளை. சிவப்பு எதனால் வருகிறது?

காட்டு நெல் சிவப்பு. அதன் தவிட்டுப் படையில் நிறம் ஊறுவதற்கு ஆர்.சி. என்று பெயரிடப்பட்ட ஒரு பரம்பரை அலகு வேலை செய்யவேண்டும். 2006-ல் வெளியான ஆய்வொன்று வெள்ளையரிசியின் கதையை வெளிக்கொணர்ந்தது: உலகின் மிகப் பெரும்பாலான வெள்ளை நெல்லினங்களில் இந்த அலகிலிருந்து 14 எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. மூன்று மூன்றாக வாசிக்கப்படவேண்டிய குறிப்பில் 14 எழுத்துகள் குறைந்தால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் பிழையாக வாசிக்கப்படும். புரதம் அரைகுறையாக நின்றுவிடுகிறது, சிவப்பு ஊறுவதில்லை.

ஒரே அலகின் இத்தகைய வேறுவேறு வடிவங்கள் எதிருருக்கள் எனப்படும். நல்ல எதிருரு ஒன்றே இருந்தாலும் புரதம் கிடைத்துவிடும் என்பதால் சிவப்பு ஆட்சியானது. இரண்டும் பழுதானால்தான் வெள்ளை வரும் என்பதால் வெள்ளை பின்னிடைவானது. பின்னிடைவு என்றால் பலவீனம் என்றோ அழிந்துபோவது என்றோ எண்ணிவிடக்கூடாது. அது ஆட்சியான எதிருருவின் மறைவில் தலைமுறை தலைமுறையாக மாறாமல் இருக்கும். சோடி சேர்ந்ததும் வெளிப்படும்.

சிவப்பு நெல்லின் மகரந்தத்தை வெள்ளை நெல்லின் பூவில் இட்டால் என்ன நடக்கும்? பலர் உடனே சிவப்பரிசியை எதிர்பார்ப்பார்கள். வருவது வெள்ளைதான். தவிட்டுப் படை தாய்ச் செடியின் சூலகச் சுவரிலிருந்து உருவாவது. அது தாயின் திசு. உள்ளே இருக்கும் முளைதான் புதிய தலைமுறை. அந்த வெள்ளை மணியை விதைத்து, அது பயிராகி, கதிர் முற்றினால் அந்தக் கதிரின் மணிகள் எல்லாம் சிவப்பாக இருக்கும். அவற்றை மறுபடி விதைத்து வளர்த்தால் நான்கு பயிருக்குச் சுமார் மூன்று சிவப்பு மணியும் ஒன்று வெள்ளை மணியும் தரும். மெண்டலின் மூன்றுக்கு ஒன்று அங்கே நிற்கிறது. தாயின் தோற்றத்தை மட்டும் பார்த்துப் பிள்ளையின் உள்ளிருப்பைச் சொல்லிவிட முடியாது என்பதும் அந்த முதல் வெள்ளை மணியில் தெரிந்துவிடுகிறது.

குடியைப் போலவே இறங்கும் டி.என்.ஏ.

கலத்தின் கருவுக்கு வெளியேயும் டி.என்.ஏ. உண்டு. உணவிலிருந்து சக்தியைப் பிரித்தெடுத்துக் கலத்துக்குத் தரும் இழைமணிகள் தமக்கெனச் சொந்தமாக ஒரு சிறிய வட்ட வடிவ டி.என்.ஏ.வை வைத்திருக்கின்றன. அதில் 16,569 எழுத்துச் சோடிகள், 37 பரம்பரை அலகுகள். 1981-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் அதை முழுமையாக வாசித்து வெளியிட்டார்கள்.

இந்த டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மனித முட்டைக்குள் இழைமணி டி.என்.ஏ.வின் பிரதிகள் இலட்சக்கணக்கில் இருக்கும். விந்தில் இருப்பவை மிகச் சில. அந்தச் சிலவும் கருக்கட்டலின் பின் முட்டைக்குள் அழிக்கப்பட்டுவிடுகின்றன. ஆகவே அம்மம்மாவின் இழைமணி டி.என்.ஏ. அம்மாவுக்கு வந்தது, அம்மாவிடமிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் வந்தது. தங்கை அதைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அண்ணனோடு அது நின்றுவிடும்.

குடியும் இதே பாதையில்தான் இறங்குகிறது. பெரியம்மாவின் பிள்ளைகளும் சின்னம்மாவின் பிள்ளைகளும் ஒரே குடி, ஒரே இழைமணி டி.என்.ஏ. தாய்மாமனும் மருமகனும் ஒரே குடி, ஒரே இழைமணி டி.என்.ஏ. மாமனின் பிள்ளைகள் வேறு குடி, இழைமணி டி.என்.ஏ.வும் அவர்களுடைய தாயுடையது. மட்டக்களப்பு முன்னோர் எந்த நுணுக்குக்காட்டியும் இல்லாமல் வகுத்த உறவு முறை, உயிரியலில் ஒரு மூலக்கூறு போகும் வழியோடு அடிக்கு அடி ஒத்துப்போகிறது. ஒரு குடி உண்மையிலேயே ஒரு மூதாயிலிருந்து மகள்வழியாக முறியாமல் இறங்கி வந்திருந்தால், அந்தக் குடியினர் அனைவரும் அந்த ஒரே மூதாயின் இழைமணி டி.என்.ஏ.வைச் சுமப்பார்கள். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவர்களைக் குடி ஏற்றுக்கொண்டிருந்தால் அந்தப் பொருத்தம் அங்கங்கே மாறும்.

தாய்வழியை இப்படிப் பின்தொடர முடிவதால் இழைமணி டி.என்.ஏ. பல இடங்களில் கைகொடுத்திருக்கிறது. ஆர்ஜென்டீனாவில் 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் கைதாகிக் காணாமற்போன பெண்களின் குழந்தைகள் பிறரிடம் கொடுக்கப்பட்டார்கள். தாயும் இல்லை, தந்தையும் இல்லை. தேடி நின்றவர்கள் பாட்டிமார். அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளயர் கிங் அவர்களுக்கு உதவ முன்வந்தார். தாயின் தாயிடமும் பேரப்பிள்ளையிடமும் ஒரே இழைமணி டி.என்.ஏ. இருக்கும் என்பதால், நடுவில் ஒரு தலைமுறையே இல்லாமற்போன நிலையிலும் உறவை நிறுவ முடிந்தது.

இலங்கையிலும் வேடர், சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் என 271 பேரின் இழைமணி டி.என்.ஏ.வை ஒப்பிட்ட ஆய்வொன்று வெளியாகியுள்ளது. அதில் வேடர்கள் தனியாகப் பிரிந்து நின்றார்கள். மற்றச் சமூகங்களின் தாய்வழிகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தன.

தந்தைவழிக்கும் இதுபோல ஓர் அடையாளம் உண்டு. 23-ஆவது சோடி பெண்களில் எக்ஸ்-எக்ஸ், ஆண்களில் எக்ஸ்-வை. மகனுக்கு வை நிறமூர்த்தத்தைத் தருவது தந்தை மட்டுமே. அப்பப்பாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு என்று அது இறங்குகிறது. பிறப்பது ஆணா பெண்ணா என்பதும் தந்தையின் விந்தில் எக்ஸ் வந்ததா வை வந்ததா என்பதைப் பொறுத்தது. பெண்பிள்ளைகளையே பெறுகிறாள் என்று மருமகளைக் குறைசொல்லும் மாமியார்கள் இந்தப் பந்தியை ஒருமுறை வாசிக்கவேண்டும்.

குடி பார்க்காத பெரும்பகுதி

ஒத்துப்போகும் இடம் அவ்வளவுதான். இழைமணியில் உள்ளது 37 அலகு. கருவில் உள்ள 46 நிறமூர்த்தங்களில் இருக்கும் ஆயிரக்கணக்கான அலகுகள் குடியின் பாதையில் போவதில்லை.

பத்துத் தலைமுறை பின்னே போனால் ஒருவருக்கு அந்தத் தலைமுறையில் 1,024 முன்னோர் இடங்கள் இருக்கும். குடி அவற்றில் ஒரே ஒரு பெண்ணைத்தான் எண்ணுகிறது: தாயின் தாயின் தாய் என்று போகும் கோட்டின் முனையில் இருப்பவளை. வை நிறமூர்த்தமும் அப்படித்தான், ஒரே ஓர் ஆணை எண்ணுகிறது. மிச்சம் 1,022 பேர் இரண்டு கணக்கிலும் வருவதில்லை. ஆனால் பரம்பரை அலகுகள் அவர்களிடமிருந்தும் வந்திருக்கின்றன.

இது கலியாணப் பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விடயம். மச்சானும் மச்சாளும் மணம் முடிப்பது தமிழர் பலரிடத்தில் உரிமையாகவே கருதப்பட்டு வந்த வழக்கம். மாமன் மகள் வேறு குடி; குடிக் கணக்கில் தடையில்லை. ஆனால் அவளுடைய அப்பாவும் அவனுடைய அம்மாவும் கூடப்பிறந்தவர்கள். அவனுடைய அம்மம்மாதான் அவளுடைய அப்பம்மா, தாத்தாவும் ஒருவரே. இப்படிப்பட்ட இருவர் தங்கள் பரம்பரை அலகுகளில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். பெரியம்மாவின் மகளோடும் அதே எட்டில் ஒரு பங்குதான். ஒருத்தியை முறைப்பெண் என்றும் மற்றவளைச் சகோதரி என்றும் குடி பிரிக்கிறது, கருவிலுள்ள டி.என்.ஏ. அப்படிப் பிரிப்பதில்லை.

பொதுவான அலகுகளில் பெரும்பாலானவை எந்தக் கெடுதலும் செய்யாதவை. உறவில் மணந்த தம்பதியரில் மிகப் பெரும்பாலானவர்களுக்கு நலமான பிள்ளைகளே பிறக்கிறார்கள். கவலை எங்கே வருகிறதென்றால், மறைந்திருக்கும் ஒரு பின்னிடைவான எதிருரு இரண்டு பக்கமும் ஒரே முன்னோரிடமிருந்து வந்து சோடி சேரும்போதுதான்.

தலசீமியா: எழுத்தொன்று மாறினால்

இலங்கையில் இதற்கு மிகத் தெளிவான உதாரணம் தலசீமியா. செங்குருதிக் கலங்களில் ஒட்சிசனைத் தாங்கும் ஈமோகுளோபின், அல்பா சங்கிலிகள் இரண்டும் பீற்றா சங்கிலிகள் இரண்டும் சேர்ந்தது. பீற்றா சங்கிலிக்கான அலகு 11-ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இலங்கையில் அடிக்கடி காணப்படும் பழுதுகளில் ஒன்று, அந்த அலகின் ஓரிடத்தில் ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி வந்திருப்பது. ஓர் எழுத்துத்தான். அந்த இடம், குறிப்பிலிருந்து வேண்டாத பகுதியை வெட்டியெடுக்கும் எல்லையில் இருப்பதால் வெட்டு பிழைத்துவிடுகிறது. பீற்றா சங்கிலி மிகக் குறைவாகவே கிடைக்கிறது.

இத்தகைய எதிருரு ஒன்றும் நல்லது ஒன்றும் உள்ளவர் காவி. அவருக்கு நோயில்லை. படிப்பார், விளையாடுவார், வயலில் வேலை செய்வார். செங்குருதிக் கலங்கள் சற்றுச் சிறியவையாக இருக்கும், அவ்வளவே. இரண்டும் பழுதான பிள்ளைக்குக் கதை வேறு. பிறந்து சில மாதங்களில், கருவிலிருந்தபோது வேலைசெய்த ஈமோகுளோபின் வகை குறையத் தொடங்கியதும் பிள்ளை வெளிறும், சோரும், வளர்ச்சி குன்றும். கடுமையான வகையென்றால் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றவேண்டும். ஏற்றும் இரத்தத்தோடு வரும் இரும்பு இதயத்திலும் ஈரலிலும் படிந்துவிடும் என்பதால் அதை வெளியேற்றும் மருந்தும் வாழ்நாள் முழுவதும் தேவை.

இலங்கையின் பல மாவட்டங்களில் தலசீமியா எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஆராய்ந்து இலங்கை, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் பீற்றா தலசீமியாக் காவிகள். மாவட்டத்துக்கு மாவட்டம் இது மாறும். ஈமோகுளோபின் ஈ என்ற இன்னொரு மாற்றமும் இங்கே உண்டு. ஒரு பெற்றாரிடமிருந்து அதுவும் மற்றவரிடமிருந்து பீற்றா பழுதும் வந்து சேர்ந்தாலும் நோய் வரும். நோயாளர் அதிகமுள்ள வடமேல் மாகாணத்தில், குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிறது.

கெடுதலான ஓர் எதிருரு இவ்வளவு பேரிடம் ஏன் நிலைத்தது? மலேரியா பரவிய நாடுகளில்தான் தலசீமியாவும் மிகுதி என்பதைக் கவனித்து, காவிகளுக்கு மலேரியாவிலிருந்து ஓரளவு பாதுகாப்புக் கிடைத்திருக்கவேண்டும் என்று 1949-ல் ஜே.பி.எஸ். ஹால்டேன் சொன்னார். அரிவாள் வடிவக் கல மாற்றத்தில் இது பின்னர் மிகத் தெளிவாக நிறுவப்பட்டது. அந்த மாற்றம் தமிழ்நாட்டின் நீலகிரிப் பழங்குடியினரிடம் இருப்பதை லேமனும் கட்புஷ்ஷும் 1952-ல் கண்டறிந்தார்கள். இலங்கையை மலேரியா இல்லாத நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்டெம்பரில் அறிவித்தது. மலேரியா போய்விட்டது, அதற்கு எதிராக நிலைத்த எதிருருக்கள் இன்னும் இரத்தத்தில் இருக்கின்றன.

இனிக் கணக்கு. காவி ஒருவர் காவியல்லாத ஒருவரை மணந்தால் பிள்ளைகளுக்கு நோய் வராது. ஒவ்வொரு பிள்ளையும் காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரு காவிகள் மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று, காவியாகும் வாய்ப்பு நான்கில் இரண்டு, முற்றும் விடுபடும் வாய்ப்பு நான்கில் ஒன்று. நெல்லில் கண்ட அதே மூன்றுக்கு ஒன்று. முதற்பிள்ளைக்கு நோய் வந்துவிட்டது, ஆகவே அடுத்த மூவரும் தப்பிவிடுவார்கள் என்று எண்ணுவது பெருந்தவறு. ஒவ்வொரு கருவிலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது.

காவியான ஓர் இளைஞனுக்கு உறவுக்கு வெளியே பேசும் பெண்ணும் காவியாக இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஐம்பதில் ஒன்று. அவனுடைய மாமன் மகளென்றால் அது எட்டில் ஒன்றளவுக்கு உயர்கிறது. பழுது அம்மாவிடமிருந்து வந்திருக்க வாய்ப்பு இரண்டில் ஒன்று. அம்மாவுக்கு வந்தது மாமனுக்கும் வந்திருக்க இரண்டில் ஒன்று. மாமனிடமிருந்து மகளுக்குப் போக இரண்டில் ஒன்று. மூன்றையும் பெருக்கினால் எட்டில் ஒன்று. குடி வேறு என்பது இந்தக் கணக்கில் ஓர் எண்ணைக்கூட மாற்றாது.

மாற்றக்கூடியது ஒரு சிறிய இரத்தப் பரிசோதனை. முழுக் குருதிக் கல எண்ணிக்கையில் செங்குருதிக் கலங்களின் பருமன் குறைவாக இருந்தால் சந்தேகம் எழும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலும் கலங்கள் சிறுத்துவிடும் என்பதால் அடுத்த படியாக ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளந்து பார்ப்பார்கள். அதில் காவியா இல்லையா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சைப்பிரசில் 1983 முதல் தேவாலயத் திருமணத்துக்கு முன் இந்தப் பரிசோதனை செய்ததற்கான சான்றிதழ் கேட்கப்பட்டது. கலியாணங்களை எவரும் தடுக்கவில்லை. தெரிந்துகொண்டு முடிவெடுக்கத் தம்பதிகளுக்கு வழி கிடைத்தது. கடுமையான தலசீமியாவோடு பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே ஏறக்குறைய இல்லாமற்போயிற்று. சாதகப் பொருத்தமும் குடியும் சீதனமும் பேசும் வீடுகளில் இந்தப் பரிசோதனை முடிவையும் ஒரு பேச்சாக்கினால், ஒரு பிள்ளை தன் குழந்தைப் பருவத்தை வைத்தியசாலைக் கட்டிலில் கழிக்காமல் இருக்கலாம்.

செய்து பார்க்க

ஒரு வெள்ளைத் தாளில் தங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை மாணவர்கள் வரையலாம். ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். கணவன் மனைவியைக் கிடைக்கோட்டாலும் பிள்ளைகளை அதிலிருந்து இறங்கும் நிலைக்கோட்டாலும் இணைக்கவேண்டும். அம்மம்மாவின் வட்டத்தில் ஒரு புள்ளி வைத்து, அவருடைய இழைமணி டி.என்.ஏ. போகும் ஒவ்வொருவருக்கும் அதே புள்ளியை வைத்துக்கொண்டே வந்தால், எந்தச் சதுரத்தில் அது நின்றுவிடுகிறது என்பது தெரியும். அடுத்து அப்பப்பாவின் வை நிறமூர்த்தத்தை வேறு நிறத்தில் குறிக்கலாம். இரண்டு நிறங்களும் படாத பாட்டன் பாட்டிமார் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளவேண்டும்; அவர்களிடமிருந்தும் அலகுகள் வந்திருக்கின்றன. குடும்பத்தில் எவராவது தலசீமியாப் பரிசோதனை செய்து காவி என்று அறிந்திருந்தால், வைத்தியர்கள் வழக்கமாகச் செய்வதைப் போல அவருடைய வட்டத்தையோ சதுரத்தையோ பாதி நிழலிட்டுக் காட்டலாம். அவருடைய கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும்தான் அடுத்துப் பரிசோதிக்க வேண்டியவர்கள். அவர்களுடைய பெட்டிகளில் ஒரு கேள்விக்குறி.